நெடுந்தீவில் அடைபட்ட கடப்பு

கடந்த பெப்ரவரியில் அண்ணனோடு நெடுந்தீவுக்குப் போனேன். சுற்றிப்பார்க்க அல்ல. எலிகளின் மூளையில் நினைவு எப்படிப் பதிகிறது என்று முப்பது வருடம் வெளிநாட்டில் ஆராய்ந்தவர் அவர். இரண்டு வருடத்துக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல், அவர் ஆராய்ந்த அதே பகுதியை, ஹிப்போகாம்பஸை, இரண்டு பக்கமும் அழித்துவிட்டது. பழையவை இருக்கின்றன. புதியது எதுவும் பத்து நிமிடம் தங்குவதில்லை. மிச்சக் காலத்தை அப்பாவின் வீட்டில் தனியாகக் கழிக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். இறங்குதுறையிலிருந்து வீட்டுக்குத் துணையில்லாமல் நடந்து காட்டினால் சம்மதம், இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம் என்று அவருடைய மகள் சொல்லியிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.20க்கு பஸ். அல்லைப்பிட்டி, மண்கும்பான், புங்குடுதீவு தாண்டி குறிகட்டுவானுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். எட்டு மணிக்குப் படகு, ஒரு மணித்தியாலப் பயணம். உள்ளே இருந்தால் டீசல் புகை, மேலே இருந்தால் உப்புத்தண்ணீர். அண்ணன் மேலே இருந்தார்.

துறையிலிருந்து வீடு 900 மீற்றர். இருபுறமும் பவளக்கல் அடுக்கிய வேலிகள். ஒடுங்கிய தெருக்களான ஒழுங்கைகள் எல்லாம் ஒரே மாதிரி. நான் இருபதடி பின்னால் வந்தேன். அண்ணன் ஒரு திருப்பத்திலும் தயங்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

வேலியில் தாண்டிப்போவதற்குத் தாழ்வாக விடும் இடத்தைக் கடப்பு என்போம். எங்கள் குறுக்குவழியின் கடப்பை, அந்தக் காணியைப் புதிதாக வாங்கியவர்கள் கல் வைத்து உயர்த்திவிட்டார்கள். அண்ணன் அதன் முன் நின்றார்.

“ஆர் இதை அடைச்சவை? இதாலதானே பள்ளிக்குப் போறனாங்கள்.”

பக்கத்துக் காணியில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா, கிணற்றடியால் சுற்றிப் போகும் வழியைக் காட்டினார். வீட்டில் அரை மணித்தியாலம் இருந்தோம். திரும்பவும் துறைக்குப் போய் நடந்தோம். அதே கல், அதே கேள்வி. பதினொன்றரைக்கு மூன்றாம் தரம்.

“மாடுகூட ரெண்டாந்தரம் சுத்தித்தானே வரும், அண்ணை,” என்றார் அந்த அக்கா, விஷயம் தெரியாமல்.

அண்ணன் சிரித்தார். “எலியும் அப்பிடித்தான். ஓடேக்க அதின்ரை மூளை ஒரு தாளத்தில துடிக்கும், செக்கனுக்கு எட்டுத்தரம் மட்டில. பிறகு சும்மா படுத்திருக்கேக்க, வந்த வழியை மூளை திருப்பி ஓட்டிப்பாக்கும். அடைச்ச பக்கம் பிறகு போகாது. அதுக்கு ஒருக்காப் போதும்.” கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தார். “எனக்கு இது எத்தினையாந்தரம்?”

“முதல் தரம்.”

“அப்ப பரவாயில்லை. இனிச் சரியாப் போவன்.”

அண்ணனின் நோயை நான் ஒதுக்கமாகச் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. காணிக்காரரிடம் கேட்டுக் கல்லை எடுப்பிக்கிறேன் என்றார். எடுப்பிக்கலாம். அடுத்த மாதம் வேறெங்காவது ஒரு வேலி உயரும். தனியாக இருந்தால் மூட்டிவிட்டு மறக்க அடுப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது.

துறையில் இருந்து அண்ணனின் மகளுக்குப் போன் எடுத்து, அவரால் தனியாக ஏலாது என்று சொன்னேன். எத்தனை தரம் பார்த்தீர்கள் என்று கேட்டாள். மூன்று என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும் படகு 2.30க்கு, அரை மணித்தியாலம் முன்னரே துறைக்கு வந்துவிடுங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். காற்றுக் கூடினால் படகு ஓடாது, முதல்நாளே விசாரியுங்கள். ஒருவரைச் சோதித்துப்பார்க்க என்னைப்போலக் கூட்டிப்போகிறவர்கள் முதல் தரத்தோடு நிறுத்திவிடுங்கள். மற்ற இரண்டு தரமும் கூட்டிப்போகிறவரின் நினைவில் மட்டும்தான் மிஞ்சும்.