அம்மாவுக்கு நான்கு விளக்குகள்

எங்கள் அம்மாவுக்குக் காது கேட்காது. தம்பி பிறந்த வருஷம் வந்த காய்ச்சலில் போனது. பேச்சு போகவில்லை, எதிரில் நின்று பேசினால் உதடுகளைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாள். திண்டுக்கல்லில் எங்கள் தெரு முழுக்க இது தெரியும். தெரிந்தும் கதவைத் தட்டிவிட்டு, திறக்கவில்லையே என்று கோபித்துக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் முதலிடம் மாமிக்கு, அதாவது நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவின் அக்காவுக்கு.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மத்தியானம், மாமி கறிக்குழம்போடு வந்து வெகுநேரம் வெயிலில் நின்றிருக்கிறாள். அம்மா உள்ளே தையல் மிஷினில் இருந்தாள். குழம்பு திரும்பிப் போனது. சாயங்காலம் அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வந்ததும், மாமியும் பின்னாலேயே வந்து நடந்ததைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"காது கேக்காதுங்கிறது பாதிதான். கேக்க மனசில்லைங்கிறது மீதி" என்றாள்.

அத்தா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா மாமியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு காலிங்பெல் செய்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வாசலில் ஒரு ஸ்விட்ச். அதை அழுத்தினால் தையல் மிஷின் முன்னால், அடுப்படியில், துவைக்கிற கல்லுக்கு மேலே, கட்டில் பக்கத்தில் என்று நான்கு எல்.இ.டி. விளக்குகள் எரிய வேண்டும். அம்மா எங்கே இருந்தாலும் தப்ப முடியாது. பெருநாளுக்குக் கிடைத்த காசை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போய், சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக விளக்குகள், ஒன்பது வோல்ட் பேட்டரி, வயர் எல்லாம் வாங்கினேன். மின்சாரத்தை மட்டுப்படுத்த ரெசிஸ்டரும் வேண்டுமே என்றார் கடைக்காரர். ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்து வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீட்டில் முதல் விளக்கை பேட்டரியில் வைத்ததும் ஒரு பளிச். அப்புறம் கருகிய வாசனை. அது மறுபடி எரியவே இல்லை.

மறுநாள் போய் இன்னொரு விளக்கும் ஒரே ஒரு ரெசிஸ்டரும் வாங்கினேன். நான்கு விளக்குகளுக்கும் பொதுவாக அந்த ஒன்றை வைத்துக் கட்டியபோது சிவப்பு மட்டும் எரிந்தது. மற்றவை சும்மா இருந்தன. அத்தாவின் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்த பிறகே விஷயம் விளங்கியது. சிவப்புக்குக் குறைந்த வோல்ட் போதும். அது முந்திக்கொண்டு எரிந்து, வெள்ளைக்கும் நீலத்துக்கும் வேண்டிய அளவுக்கு வோல்ட் ஏறவிடாமல் செய்துவிடுகிறது. ஆளுக்கொரு ரெசிஸ்டர் கொடுத்துவிட்டால் சண்டையில்லை. மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்ததை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த அத்தா வாசலில் நின்று அழுத்த, நான்கும் எரிந்தன. அம்மா என்னைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். மாமியும் வந்து அழுத்திப் பார்த்தாள். கதவு உடனே திறந்தது. இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது என்று மாமி சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அதன்பின் மாமி ஒரு நாளைக்கு மூன்று முறை வந்தாள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க, கொத்தமல்லி கேட்க, ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து பேச. பக்கத்து வீட்டார் வந்தார்கள். தெருப் பிள்ளைகள் அழுத்திவிட்டு ஓடினார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் எழுந்து போனாள்.

பத்து நாள் கழித்து, பள்ளிவிட்டு வந்து அழுத்தினேன், திறக்கவில்லை. பின்பக்கமாக உள்ளே போய்ப் பார்த்தால் பேட்டரியின் தலையில் வயரை மாட்டும் மூடி கழன்று தொங்கியது. தானாகக் கழன்றிருக்கும் என்றாள் அம்மா. மாட்டினேன். மறுநாளும் கழன்றிருந்தது.

பரீட்சைக்காக அரை நாள் மட்டும் பள்ளி நடந்த ஒரு மத்தியானம், வீட்டுக்கு வந்தபோது மாமி வாசலில் ஸ்விட்சை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா தைக்கவில்லை. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஃபேனுக்கு நேராகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தொட்டு மாங்காய்த் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்திலேயே பேட்டரி கிடந்தது. அம்மாவின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோபமாக வந்தது. அத்தனை பாடுபட்டுச் செய்தது. உள்ளே போய், ஏன் கழற்றினாய் என்று கத்தினேன். அம்மா என் உதடுகளைப் பார்த்தாள்.

"செத்த நேரம் இருந்துக்கிறேனே கண்ணு" என்றாள்.

நான் பேட்டரியை எடுத்து மாட்டிவிட்டு, கதவைத் திறந்து மாமியை உள்ளே கூட்டி வந்தேன்.

அன்று மாலை அத்தாவிடம் சொல்லி, பேட்டரியை ஒரு பெட்டிக்குள் வைத்து, அம்மாவுக்கு எட்டாத உயரத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கச் சொன்னேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மாதான். இப்போது சரியா என்று கேட்டேன். நல்லா எரியுது என்றாள்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் அம்மா ஒரு தையலுக்கும் மறு தையலுக்கும் நடுவே நிமிர்ந்து, எரியாமல் இருக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் செய்த விளக்கு அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.