உட்காரும் இடத்து வலி

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உடம்பைக் கவனிக்கலாமே என்று சேக்காட்டில் எங்கள் குடியிருப்பு ஜிம்முக்குப் போய், துடுப்புப் போடுவதுபோல இழுக்கும் ரோயிங் மெஷினில் முதன்முதலாக உட்கார்ந்தேன். பத்தே நிமிடத்தில், உட்காரும் இடத்து எலும்புகள் கல்லில் உரசுவதுபோல வலித்தன.

"சீட்டு சரியில்ல மாஸ்டர், உட்காரவே முடியல" என்றேன்.

பயிற்சியாளர் சிரித்தார். "புச்சா குந்தறவங்களுக்கு அப்டித்தான் இருக்கும் சார். துண்ட மடிச்சுப் போட்டுக்கங்க. நடுவுல எயுந்து நில்லுங்க, சரியாப்பூடும்."

எழுந்து நின்றேன். உடனே வலி குறைந்தது. அப்போதுதான் அப்பாவின் நினைவு வந்தது.

பக்கவாதம் வந்த அப்பா ஒரு வருடம் நாற்காலியிலேயே கிடந்தார். தானாக எழ முடியாது. ஒருநாள் நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, "உட்கார்ற எடம் வலிக்குதுப்பா, கொஞ்சம் தூக்கி நிறுத்தேன்" என்றார்.

"சும்மா உட்கார்ந்திருக்கறதுல என்னப்பா வலி?" என்று எரிந்து விழுந்தேன்.

அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. வலி போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசி வரைக்கும் வலிச்சுதுடா. 'புள்ளைக்கு வேலை கெடும், கூப்பிடாதே'ன்னுடுவாரு. நான்தான் முடிஞ்ச அளவுக்குத் தூக்கிப் பிடிப்பேன்."

அம்மாவுக்கே முழங்கால் வலி. நானோ பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஒரே ஒரு நிமிடம் போதும், அவரை நிறுத்தியிருக்கலாம். இதை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?