மூன்று விரல் இறக்கம்

மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் வருகிற அகலம். என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், அந்த லொறியின் முன்பக்கத்தை இறக்கியது அவ்வளவுதான். வலது கையின் நடு மூன்று விரல்களை ஒட்டி, லொறியின் முன் உச்சியில் இருக்கிற தலைப்பலகைக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் நின்றது எனக்கு இன்னும் அப்படியே தெரிகிறது. அளவு நாடா சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனாலும் முதலில் விரலால் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் நாடாவை எடுப்பார்.

காக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வாப்பா மௌத்தாகி, தகப்பன் இல்லாத வீடானபோது அவர் ஐந்தாம் வகுப்பு, நான் தவழ்கிற பிள்ளை. அதோடு அவருடைய பள்ளிக்கூடம் முடிந்தது. வாப்பாவும் உம்மாவும் கைநாட்டு வைத்தவர்கள். காக்காவுக்குப் பெயர் எழுத வரும், பத்திரிகையின் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசிப்பார். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை போனது நான்தான். கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையில் அவர் லொறிகளின் ஸ்பிரிங் தகடுகளைச் செப்பம் செய்துகொண்டிருந்தார். நான் சோறு கொண்டு போனால், அங்கே நிற்கிற டிரைவர்மாரிடம், "தள்ளி நில்லுங்க, படிச்சவ வாறா," என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அது எனக்கு உரிய மரியாதை என்றே நினைத்தேன்.

அந்த லொறி சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருந்த ஒரு ஹாஜியாருடையது. முன்பு வைத்திருந்தவர் அதில் மரம் ஏற்றியவர். முன் ஸ்பிரிங்குக்கு வளைவு கூடிய தகடுகளைப் போட்டிருந்ததால் வண்டி எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டே நிற்கும். ஹாஜியார் ஆலைக்கு முன்னால் புதிதாக ஒரு கொட்டகை போட்டார். முதல் நாள் லொறி நெல்லோடு உள்ளே போனது. மூட்டைகளை இறக்கியதும் பாரம் குறைந்து ஸ்பிரிங் எழும்பிவிட, திரும்பி வரும்போது தலைப்பலகை உத்தரத்தில் மாட்டிக்கொண்டது. இறக்கிய மூட்டைகளைத் திரும்ப ஏற்றித்தான் வண்டியை வெளியே எடுத்தார்களாம். இந்தக் கதை பரவி ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் காக்காவிடம் வந்தார். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கூரையக் கழட்டி ஒசத்தினா இன்னும் சிரிப்பானுகள் பாஸ். லொறியக் கொஞ்சம் குனிய வைங்க."

"ஓம் ஹாஜியார். ஸலாம் சொல்லவும் பழக்கி அனுப்புறன்," என்றார் காக்கா.

நாலு தகட்டைக் கழற்றி வீசினால் போதாதா என்று ஹாஜியார் கேட்டார். காக்கா மறுத்துவிட்டார். தகட்டைக் குறைத்தால் பலம் குறையும். நெருப்புக் காட்டி நிமிர்த்துகிறவர்களும் இருந்தார்கள். அதையும் அவர் செய்வதில்லை. "சூடு காட்டினா ஸ்பிரிங் மௌத்தாயிரும், மறுகா அது வெறும் இரும்பு," என்பார். ஒவ்வொரு தகடாகப் பிரித்து, தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, குளிர்ந்தபடியே சுத்தியலால் அடித்து வளைவைக் குறைத்தார். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கி வெயிலுக்கு நேரே பிடித்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப அடி. இரண்டு நாள் அந்தச் சத்தம்தான். மூன்றாம் நாள் லொறி குனிந்து நின்றது, அளந்தபடி மூன்று விரல்.

அன்று வீட்டுக்கு வந்து அவர் உம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். தகடு தாழ்ந்ததால் அதற்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் இடையில் இருந்த வெளி குறைந்துவிட்டது, முந்தி ஏற்றியதில் முக்கால்வாசிதான் இனி ஏற்ற வேண்டும், மீறினால் அடிபட்டு முறியும் என்று ஹாஜியாரிடம் இரண்டு தரம் சொன்னாராம். அதற்கு ஹாஜியார், "என்ட லொறிக்கு நீயா பாரம் சொல்ற?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனாராம்.

அந்த வேளாண்மை வெட்டில், நெல் அறுவடைக் காலத்தில், லொறி முன்னைப்போலவே நிறைந்து ஓடியது. வயல் பாதையில் ஒரு வாய்க்கால் பாலத்தில் இறங்கும்போது முன்பக்கத்து மூத்த தகடு, அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே பாரம் தாங்குவது, முறிந்தது. வண்டி வாய்க்காலுக்குள் சரிந்தது. மூட்டைகளின் மேல் இருந்து வந்த, மூட்டை சுமக்கிற நாட்டாமை ஒருவர் கீழே விழ, மூட்டைகள் அவர் மேல் விழுந்தன. அவருடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பொலிஸ் காக்காவைக் கூப்பிட்டது. நானும் போனேன். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம். உத்தியோகத்தருக்குத் தமிழ் ஓரளவு கதைக்க வந்தது. காக்கா அரை மணித்தியாலம் எல்லாவற்றையும் சொன்னார்: கொட்டகை, தகடு, முக்கால்வாசிப் பாரம், முதுகில் தட்டியது. உத்தியோகத்தர் கேட்டுக் கேட்டுச் சிங்களத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். பிறகு தாளைத் திருப்பி, வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கச் சொன்னார். காக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"என்ட தங்கச்சி வாசிப்பா, சேர். அவ படிச்சவ," என்று என் பக்கம் தள்ளினார்.

சிங்களம் எனக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி. எழுத்துத் தெரியும். அச்சில் உள்ளதை மெல்லக் கூட்டுவேன். அந்தக் கையெழுத்தில் 'லொறி' என்ற சொல்லையும் காக்காவின் பெயரையும் தவிர வேறொன்றும் எனக்குப் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்க எங்களுக்கு உரிமை இருந்தது என்று பின்னால் படித்தேன். ஆனால் அந்த மேசைக்கு முன்னால், 'படிச்சவ' என்ற சொல் காற்றில் நிற்கும்போது, என் வாயிலிருந்து அது வரவில்லை. வரிவரியாகக் கண்ணை ஓட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தி, விளங்காததை விளங்கிக்கொள்கிறவள் போல நெற்றியைச் சுருக்கினேன். பக்கத்தைத் திருப்பினேன். "ஓம் காக்கா, எல்லாம் சரியா இரிக்கி," என்றேன். அவர் இரண்டு பக்கத்திலும் கையெழுத்து வைத்தார்.

நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொன்னார்கள். 'லொறியின் முன்பக்கத்தை இறக்கியது நான்தான்' என்று காக்கா சொன்னதாக அதில் இருந்தது. பாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் ஹாஜியார். கவனயீனம் காக்காவின் தலையில் விழுந்தது. சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை ஒத்திவைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு லொறியும் எங்கள் கொட்டகைக்குத் திரும்பவில்லை. சாய்ந்தமருதில் காக்காவுக்குப் பேசியிருந்த கலியாணமும் நின்றது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். கோடு ஏறினவரை, நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றவரை, வீட்டுக்குள் எடுக்க ஏலாது என்று சொல்லி அனுப்பினார்கள். காக்கா இப்போது ஒரு டயர்க் கடையில் கூலிக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்.

இவ்வளவும் நடந்தும் அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. "பொலிஸ்ல சரியாத்தான் எழுதின. என்ட தங்கச்சி வாசிச்சுப் பாத்தவ. பொறகுதான் பேப்பர மாத்திட்டானுகள்," என்று தேத்தண்ணிக் கடையில், பள்ளிவாசல் வாசலில், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் அவர் எழும்பிப் போனதும், "பாஸுக்குத் தகடு கழண்டுட்டு," என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறக்காமல் சிங்களம் படித்தேன். வெறிபிடித்தவள்போலப் படித்தேன். மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில் சித்தியடைந்து, இப்போது அரச அலுவலகம் ஒன்றில் அந்த மொழியிலிருந்து இந்த மொழிக்கு மற்றவர்களின் கடிதங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து காக்கா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. யாரையோ பிடித்து, நீதிமன்றத்திலிருந்து அந்த வாக்குமூலத்தின் பிரதியை எடுத்திருந்தார்.

"இதத் தமிழில எழுதித் தா புள்ள. அண்டைக்கு நீ வாசிச்சதுக்கும் இதுக்கும் எங்க வித்தியாசம் எண்டு கோடு போட்டுத் தா. மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

உறையை வாங்கிப் பிரித்தேன். இரண்டு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து. யாரும் எதையும் மாற்றவில்லை.

"காக்கா, அண்டைக்கு நான் இத வாசிக்கல்ல."

"என்ன கதைக்கிற?"

"எனக்கு அப்ப வாசிக்கத் தெரியா. சும்மா பாத்துட்டுச் சரி எண்டு சொன்னன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். வெளியே சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு ஒருவர் போனார். அந்தச் சத்தம் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"இப்ப தெரியுமா?"

"ஓம்."

"அப்ப வாசி."

வாசித்தேன். சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இப்போது அதில் எனக்குத் தெரியாத ஒரு சொல்கூட இல்லை. கடைசி வரி, நான் எதிர்பார்க்காதது: 'எனது சகோதரி இதனை வாசித்து எனக்கு விளக்கிய பின், சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.' அதையும் வாசித்தேன்.

காக்கா தாளை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டே, "கால் போன அந்த மனிசனிட்ட நான் அல்லாஹ்மேல சத்தியம் பண்ணிச் சொல்லியிரிக்கன், பேப்பர மாத்தினது எண்டு. சம்மாந்துறைக்குப் போகணும்," என்றார்.

"நானும் வாறன் காக்கா. நானே சொல்றன்."

"வேணா. நீ வந்தா, உன்ன ஆரெண்டு நான் சொல்ற?"

சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினார். படலையைச் சாத்தும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.