பேங்குக்குள் போன ஆடு

அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தது இரண்டே அறைகள். வகுப்புகளோ நான்கு. எங்கேயோ இடிக்கிறதல்லவா? டீச்சருக்கும் முதல் நாளே இடித்தது. தன் அறைக்கு வந்த மூன்றாம் வகுப்பை ஒரு சுவரைப் பார்த்தும், நான்காம் வகுப்பை எதிர்ச்சுவரைப் பார்த்தும் முதுகோடு முதுகாக உட்கார வைத்தார். நடுவில் தான் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் பெருக்கல், அந்தப் பக்கம் ஆறுகள் என்று திரும்பித் திரும்பிப் பாடம் நடத்தினார். இருபத்து மூன்று வயதில் வேலைக்கு வந்தவர், ஒரு வருஷம் பார்த்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடத்தான் நினைத்திருந்தார். இப்போது நாற்பத்தெட்டு. ஏன் ஓடவில்லை என்று கேட்டால், "திரும்பிக்கிட்டே இருந்ததுல வழி மறந்துபோச்சு" என்பார்.

பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்தது கோபத்தில். காலைப் பேருந்து பள்ளிக்கூட நிறுத்தத்தில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநரிடம் சொன்னார், டிப்போவில் சொன்னார், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. பக்கத்து டவுனில் வாரம் ஒரு முறை நான்கு பக்கத்தில் ஒரு பத்திரிகை வரும். அதற்கு ஒரு கடிதம் போட்டார். "பேருந்து நிற்காததால் எங்கள் பிள்ளைகள் நன்றாக ஓடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் இல்லாத குறையைத் தீர்த்ததற்கு நன்றி" என்று. வியாழக்கிழமை அச்சில் வந்தது. அடுத்த வாரம் பேருந்து நின்றது. அதற்கடுத்த வாரம் பத்திரிகையின் எடிட்டர் ஒரு பழைய மொபெட்டில் தடதடவென்று வந்து இறங்கி, "மேடம், வாராவாரம் இதே மாதிரி யாரையாவது திட்டிக் குடுங்க" என்றார். "திட்ட மாட்டேன். வேணும்னா மனுஷங்களைப் பத்தி எழுதறேன்" என்றார் டீச்சர். 'சாக்பீஸ் தூள்' என்ற பத்தி அப்படித் தொடங்கி பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

வாராவாரம் மனுஷங்களுக்கு எங்கே போவது? இங்கேதான் இருக்கிறது டீச்சரின் தொழில் ரகசியம். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு கட்டுரை. தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: 'எங்கள் வீட்டில் இந்த வாரம்.' பிள்ளைகளுக்கு ஒளிவுமறைவு ஏது? யார் யாரோடு பேசவில்லை, எந்த மாமா எதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டார், எல்லாம் நோட்டில் வந்துவிடும். ஞாயிறு திருத்துவார், திங்கள் எழுதுவார், செவ்வாய்க் காலை கண்டக்டர் கையில் கவரைக் கொடுப்பார், வியாழன் அச்சில். அப்படியே எழுதிவிட மாட்டார், அதற்கொரு சட்டம் வைத்திருந்தார். ஊரை மாற்று, தொழிலை மாற்று, பெண்ணை ஆணாக்கு. கொத்தனார் மளிகைக்காரர் ஆவார், அத்தை சித்தப்பா ஆவார். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. ஒரே ஒரு தடவை தபால்காரர் சண்டைக்கு வந்தார்; அதுவும் அவருக்குச் சம்பந்தமே இல்லாத கதைக்கு. "என்னைத்தானே எழுதினீங்க?" என்று நின்றவரிடம் "சத்தியமா இல்லீங்க" என்று சொல்லப்போக, "அப்போ என்னைப் பத்தி எழுத ஒண்ணுமே இல்லையா?" என்று அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

டீச்சரின் கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். "உன் பேனாவுக்கு ஒரு ஃபியூஸ் போட்டு வை, என்னிக்காவது ஷார்ட் ஆகப்போகுது" என்று கிண்டலடித்துக்கொண்டே இருப்பார். மனுஷன் வாயில் என்ன இருந்ததோ, ஆகியேவிட்டது.

நான்காம் வகுப்பில் ஒரு பெண். பட்டப்பெயர் மைக்செட். ரகசியம் சொன்னால்கூட அடுத்த அறைக்குக் கேட்கும், அப்படி ஒரு குரல். அவளுடைய அப்பா தானியக் கிடங்கில் மூட்டை தூக்குகிற லோடுமேன். ஒரு வெள்ளிக்கிழமை மைக்செட் எழுதிக் கொடுத்த கட்டுரை இது:

"ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பா எல்லோருக்கும் பேப்பர் வாசிப்பார். இந்த வாரம் ஓர் ஆடு பேங்குக்குள் போய் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது என்று வாசித்தார். எல்லோரும் சிரித்தோம். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஆடு இல்லை. வேறு ஏதோ அறிவிப்பு இருந்தது. எல்லாப் பக்கத்திலும் தேடினேன். இல்லை. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியாது."

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படி ஒன்று வந்து மாட்டும். திங்கட்கிழமை ஒரே மூச்சில் எழுதினார். லோடுமேனைத் தையல்காரர் ஆக்கினார். மகளை மகன் ஆக்கினார். ஊரைத் தூக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தார். ஆட்டை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. நாயை உள்ளே அனுப்பிப் பார்த்தார், பூனையை அனுப்பிப் பார்த்தார். மேனேஜர் நாற்காலியில் ஆடு உட்கார்ந்த மாதிரி எதுவுமே உட்காரவில்லை. எழுதுகிறவர்களுக்கு வரும் பேராசை இது, வேறென்ன சொல்ல! ஆடு அப்படியே அச்சுக்குப் போனது.

வியாழக்கிழமை பள்ளிக்கு வந்த பிரதியை மேஜைமேல் போட்டுவிட்டு டீச்சர் மூன்றாம் வகுப்புப் பக்கம் திரும்பியிருந்தார். இந்தப் பக்கம் திரும்பியபோது மைக்செட் மேஜையருகே நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்தாள். பத்திரிகையை நாலாக மடித்து வைத்தாள். டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மாலை மணி அடித்ததும் எல்லோருக்கும் முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் அவள் வரவில்லை. டீச்சர் அவளுடைய கட்டுரை நோட்டை எடுத்துப் பிரித்தார். அப்போதுதான் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி: "டீச்சர், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்." டீச்சர் முன்பக்கத்தோடு சரி போட்டு, கையெழுத்தும் போட்டு மூடிவிட்டிருந்தார். இத்தனை வருஷம் தன் வீட்டில் கௌரவமாகப் பேப்பரை விரித்து உட்கார்ந்த ஒரு மனுஷனை இப்படி நடுத்தெருவில் நிறுத்தியாயிற்று. ஆட்டை வைத்து யாராவது கண்டுபிடித்து அவர் காதில் போட்டுவிட்டால்? அப்பனைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அந்த வீட்டில் அந்தக் குழந்தை எப்படி நிமிர்ந்து நிற்கும்? படித்துக் கிழித்தது போதும் என்று பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிட்டால்?

திங்கட்கிழமையும் அவள் வரவில்லை. அன்றைக்கு டீச்சரால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. செவ்வாய்க் காலை கண்டக்டர், "கவர் எங்க டீச்சர்?" என்றார். "இந்த வாரம் இல்ல" என்றதும், யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று கேட்டவர் மாதிரி உச்சுக்கொட்டிவிட்டு விசில் கொடுத்தார். லைன்மேன்கூடக் கிண்டலை மூட்டை கட்டி வைத்துவிட்டார். "நேர்ல போய்ப் பேசிட்டு வா. கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா எந்த லைனும் சரியாகாது" என்று மட்டும் சொல்லியிருந்தார். அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் நேரே கிடங்குக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு நடந்தார்.

ஒரு அறையும் ஒரு சமையலறையும். வாசலில் வெயிலுக்குச் சாக்கைப் பிரித்துத் தைத்த ஒரு திரை. மைக்செட்டின் அம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர், உள்ள வாங்க. வயித்துவலின்னு அஞ்சு நாளா சுருண்டு படுத்திருக்கா. மருந்து குடுத்தா துப்புறா. ஆனா பாருங்க, வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா போதும், எழுந்து ஓடி வந்துடுறா. வர்றவங்க கையில பேப்பர் இருக்கான்னு பாக்குறா. இது என்ன வியாதியோ!"

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. குழந்தைக்கு வியாதியும் இல்லை, வீட்டில் யாரும் தடுக்கவும் இல்லை. அவள் அப்பாவுக்குக் காவல் இருக்கிறாள். மூலையில் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் டீச்சரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டீச்சர் மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். அதற்குள் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு லோடுமேன் வந்துவிட்டார்.

"அடடே, டீச்சரா! உக்காருங்க, உக்காருங்க." கக்கத்திலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்தார். "வீட்டுக்கு வந்த பேப்பர் எங்கயோ காணாமப் போச்சு. ஞாயித்துக்கிழமை வாசிக்கவே இல்ல. அதான் கிடங்குல இருந்து ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தேன். எனக்கு வேற தூசியில கண்ணு எரியுது. நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க பத்தியை உங்க வாயாலயே வாசிங்களேன்."

மைக்செட்டுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. டீச்சர் பத்திரிகையை வாங்கினார். கண்ணுக்கு முன்னால் அவர் எழுதிய எழுத்து, தையல்காரர், பேங்க், ஆடு. அதை வாசித்தால் தொலைந்தது. டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இல்லாததை வாசிக்க ஆரம்பித்தார்.

"ஒரு ஊர்ல... ஒரு மளிகைக்காரர். அவர்கிட்ட ஒரு... ஒரு குடை இருந்தது. ரொம்ப நல்ல குடை."

பத்தொன்பது வருஷம் வாராவாரம் எழுதிய மூளை, ஒரு கல்லைப்போலக் கிடந்தது.

"ம், அப்புறம்?" என்றார் லோடுமேன்.

"மழை வந்தது. குடையை விரிச்சார்."

"அப்புறம்?"

"அப்புறம்... மழை நின்னுடுச்சு. மடக்கிட்டார்."

எப்போது எழுந்து வந்தாளோ, மைக்செட் டீச்சரின் தோளருகே நின்று பத்திரிகையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரியைப் பார்த்தாள், டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி வரியைப் பார்த்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் உதடு லேசாக அசைந்தது.

லோடுமேன் தாடையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். எழுதுற அளவுக்கு உங்களுக்கு வாசிக்க வரல. இங்க குடுங்க."

எரிந்த கண் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பத்திரிகையை வாங்கி ஒரு உதறு உதறி, நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று வாசித்தார். மகளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு டீச்சர் ஒரு தையல்காரரைப் பத்தி எழுதினாங்க. வியாழக்கிழமை கிடங்கு குமாஸ்தா அதைச் சத்தமா வாசிச்சாரு. ஆடு வந்ததும் அங்க இருந்த பதினாலு பேரும் ஒரு லோடுமேனைத் திரும்பிப் பாத்தாங்க. ஏன்னா அந்த ஆட்டை அவன் முன்னாடியே அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டிட்டான். அவனுக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. முதுகுல மூட்டை வேற. வெச்சுட்டு ஓடுறதா, தூக்கிட்டே ஓடுறதான்னு தெரியல. அப்போ ஒருத்தன் கேக்குறான், 'அடப்பாவி, அந்த ஆடு நெஜம் இல்லையா? நான் மாமியார் வீடு வரைக்கும் சொல்லிட்டேனேடா!' அவ்வளவுதான், கிடங்கே சிரிச்சுது. லோடுமேனும் சிரிச்சான். இத்தனை வருஷம் இறக்காம தூக்கிட்டு அலைஞ்ச ஒரு மூட்டை அன்னிக்கு இறங்குச்சு."

"எனக்கு அந்த ஆட்டை மூணு தடவை வாசிச்சுக் காட்டினாரு" என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "மூணு தடவையும் வேற வேற பேங்க்."

"நடுவுல பேசாத, வாசிக்கிறேன்ல?" என்று அதட்டிவிட்டு அவர் தொடர்ந்தார். "டீச்சர் மேல லோடுமேனுக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அவ்வளவு நல்ல ஆட்டைக் கொண்டுபோய் ஒரு தையல்காரனுக்குக் குடுத்துட்டாங்க."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "மன்னிச்சிடுங்க" என்றார் அவரிடம். பிறகு திரும்பி, "பின்பக்கம் நான் பாக்காம விட்டுட்டேன்மா. தப்பு என்னோடதுதான்" என்றார் அவளிடம்.

மைக்செட் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கண் அப்பாவின் மேலேயே இருந்தது. யாருக்கும் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்:

"அப்பா, அந்த லோடுமேனோட பொண்ணைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

அவர் பத்திரிகையைத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை விரலை வைத்துத் தேடினார். ஒரு வரியில் விரல் நின்றது.

"போட்டிருக்கே. அஞ்சு நாளா அப்பனுக்குக் காவல் இருந்தாளாம். இனிமே வேண்டாமாம். நாளைக்கு ஸ்கூலுக்குப் போறாளாம்."