நிலாவாரைப் பாக்கெட்டில் என் மீசை

நிலாவாரை இலையைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இந்தக் கரிசல் சீமையில் ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். பஸ் போர்டைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் திருச்சுழிப் பக்கத்துக் காட்டில் விளைந்த இலையையும் வேற்றூர் இலையையும் கலந்து கொட்டினால், கையை விட்டுத் துழாவியே பிரித்துச் சொல்வேன். இலைச் சாக்குத் தூக்கிய தலை இது. இன்று அருப்புக்கோட்டையில் சரக்கு அடுக்கச் சொந்தக் கிட்டங்கி வைத்து மூலிகை வியாபாரம் பார்க்கிறேன். ஒருத்தர் தயவில்லாமல் வந்தவன். அப்படிப்பட்டவன் கடைக்கு வந்து, என் படம் போட்ட நிலாவாரைப் பாக்கெட்டையே என் மேசையில் விட்டெறிந்தாள் ஒரு பெண்.

பாலவனத்தத்துக்காரி. விசைத்தறியில் வேலை பார்க்கிறவள், நாற்பது வயதிருக்கும். முகம் வெளுத்துப்போய், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"இந்தப் படத்துல இருக்கது நீங்கதான அண்ணாச்சி?"

"நாந்தேன். அதுக்கென்ன?"

"ஒங்க மூஞ்சிய நம்பித்தான் ரெண்டு மாசமாக் குடிச்சேன். இப்ப இது இல்லாட்டி வெளிக்கே போக மாட்டேங்குது. காலு ரெண்டும் வெலவெலங்குது. தறி ஓடிக்கிட்டு இருக்கயிலேயே மயங்கி விழுந்துட்டேன். ஒடம்புல உள்ள உப்புச் சத்தெல்லாம் கழிஞ்சு போச்சுன்னு டாக்டரு வையிறாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "ரெண்டு மாசமா? எந்தக் கூறுகெட்டவன் தாயி ஒன்னத் தெனமும் குடிக்கச் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீக."

பாக்கெட்டைத் திருப்பி, விரலை வைத்து வாசித்தாள். "தினமும் ஒரு கப். கொடி போன்ற உடல். மூலிகை என்பதால் பக்கவிளைவே இல்லை."

மூலிகை என்பதால் இல்லையாம்! அரளியும் ஊமத்தையும் மட்டும் என்ன, மில்லிலா செய்கிறார்கள்? நிலாவாரை காப்பித்தூள் இல்லை. கட்டிய வயிற்றை இளக்குகிற இலை. இரண்டு மூன்று நாள் மலம் இறங்காமல் கிடப்பவருக்குப் படுக்கப் போகும்முன் கொஞ்சமாகக் கொடுப்பது. அதுவும் வெறுமனே கொடுத்தால் வயிற்றைப் போட்டு முறுக்கும் என்று, சுக்கைத் தட்டிப் போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் கொடுப்பார்கள். மறுநாள் மோரும் குழைந்த சோறும். இறங்கிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு வேளைக்கும் அசையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாசமாக இருப்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. ஆடு வாய் வைக்காமல் தாண்டிப் போகிற செடி ஐயா அது. ஆட்டுக்கு இருக்கிற அறிவு செல்போனில் வைத்தியம் சொல்கிறவனுக்கு இல்லை. வயிற்றால் போய்ப் போய் உடம்பில் தண்ணீர் வற்றுவதை மெலிவு என்கிறான். கிணறு வற்றினாலும் மெலிந்துவிட்டது என்று கும்மி அடிப்பானோ என்னவோ.

மாடியில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த மகனைக் கத்திக் கூப்பிட்டேன். "ஏலே, இதுல என்னடா எழுதி வச்சிருக்க?"

"எல்லாரும் அப்பிடித்தான் போடுறாகப்பா. வயித்துக் கட்டுக்குன்னு போட்டா எவன் வாங்குவான்?"

"அதுக்கு ஆளக் கெடத்திப்புடுவியா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒங்ககிட்டக் காட்டுனேன்ல. நீங்கதான பாத்துச் சரின்னீக."

காட்டினான். கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்து நானும் பார்த்தேன். எதைப் பார்த்தேன்? என் மீசையை. நரை தெரிகிறது, கொஞ்சம் கருப்பாக்கச் சொல் என்றேன். மகன் முன்னால் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூச்சம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"படிச்சுப் பாக்கலியா அண்ணாச்சி?" என்றாள் அந்தப் பெண்.

அந்தக் கேள்வி கிளப்பிய கோபத்தையும் சேர்த்து மகன் மேலேயே கொட்டினேன்.

மறுநாள் லோடு ஆட்டோவில் நானே ஏறி உட்கார்ந்தேன். பாலவனத்தம், திருச்சுழி, காரியாபட்டி என்று கடை கடையாக இறங்கிப் பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்தேன். காரியாபட்டிக் கடைக்காரர் லேசில் விடவில்லை.

"நல்லா ஓடுற சரக்க ஏன் அண்ணாச்சி தூக்குறீக?"

"சரக்கா ஓடுது? குடிக்கிறவுகல்ல ஓடுறாக! எடுத்து வைங்க."

இலையைச் சாக்கில் கொட்டிவிட்டு உறைகளைக் கிழித்துப் போட்டோம். கிட்டங்கி மூலையில் என் முகம் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது.

புதிய உறைக்கு நான் வாயால் சொல்ல, மகன் எழுதினான். மாதிரி வந்ததும், அச்சுக்கு விடாமல் அந்தப் பாலவனத்தத்துப் பெண்ணை வரச் சொன்னேன். டாக்டர் மருந்திலும் கஞ்சியிலும் அதற்குள் தேறியிருந்தாள். "சத்தமாப் படி தாயி" என்றேன், மகன் நிற்கும்போதே.

"மலக்கட்டுக்கு மட்டும். ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு வேளை. தினமும் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கூடாது." நிமிர்ந்து பார்த்தாள். "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு அண்ணாச்சி. பெருசாப் போடுங்க."

"பெருசாக்குனாப் படத்துக்கு எடம் பத்தாதுப்பா. எடுத்துருவமா?" என்றான் மகன்.

"சின்னதா இருந்துட்டுப் போகட்டும்லே. வைய வர்றவுகளுக்கு ஆள் தெரிய வேண்டாமா? மீசைய நரைச்சபடியே விடு."

அவள் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, 'தினமும் குடிக்கக் கூடாது' என்பதன் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள்.