முதல் குட்டி மாமிக்கு

எங்கள் வீட்டு முயலுக்குத் துணை சேர்க்கலாமா வேண்டாமா என்ற பேச்சு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அத்தாவின் வெள்ளைச் சட்டையில் தொடங்கியது. ஜும்ஆ தொழுகைக்குக் குளித்து, அத்தர் பூசி, இஸ்திரி கலையாத சட்டையோடு அத்தா மாடிப்படிக்குக் கீழே குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். முயல் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. வந்த வேகத்தில் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு பீச்சு பீச்சியது. மூத்திரம் பட்ட சட்டையோடு பள்ளிவாசலுக்குப் போக முடியுமா? மறுபடி குளியல், மறுபடி சட்டை. அதற்குள் பள்ளியில் பயான் உரை பாதி முடிந்திருக்கும்.

"இந்தக் கழுதைக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி அடுத்த வாரம் இது வாங்கிட்டு வந்த பரவை மார்க்கெட்டுக்கே போயிரும், சொல்லிட்டேன்" என்று கத்திவிட்டுப் போனார் அத்தா.

அப்போது எனக்கு ஏழு வயது. முயலின் பெயர் நவாபு. பெயர் வைத்தது நான்தான். வெள்ளை உடம்பு, காது ஓரத்தில் மட்டும் மை பூசினாற்போல் கறுப்பு. அம்மாவின் தம்பியான மாமா, லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றப் பரவை மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் அதை வாங்கி வந்து, பெருநாள் காசுக்குப் பதிலாக என் கையில் வைத்தார். குட்டியாக இருந்தவரை நவாபு சாதுவாகத்தான் இருந்தது. வளர்ந்ததும் போக்கு மாறிவிட்டது. யார் வந்தாலும் காலைச் சுற்றி ஓடும், ஓடும்போதே தொண்டைக்குள் முனகும். வீட்டிலிருந்த பொருள் ஒவ்வொன்றிலும் தாடையைத் தேய்த்து வைக்கும். நான் அதை டான்ஸ் என்று நம்பி, தெருப் பையன்களைக் கூட்டி வந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. வில்லாபுரத்திலிருந்து மாமாவும் மாமியும் வந்திருந்தார்கள்.

"ஒத்தையிலயே கெடந்தா மனுசனுக்கே கிறுக்குப் புடிக்கும். வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? ஒரு பொட்டை முயலை வாங்கி விட்டா அடங்கிரும்" என்றாள் அம்மா.

அத்தா பாத்திரக்கடைக்காரர். எதையும் பெருக்கிப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். "ஒண்ணுக்கே சட்டை போச்சு. ரெண்டானா ரெண்டோட நிக்குமா? அப்புறம் அதுக வீட்டுல இருக்கும், நாம கூண்டுல இருக்கணும்."

இருவர் பேச்சுமே எனக்குச் சரியாகத்தான் பட்டது. வீடு நிறைய முயல் என்பதை அத்தா ஏன் இவ்வளவு சோகமாகச் சொல்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை. என் கண் கலங்கியதைப் பார்த்து மாமா, "மாப்ள, அழாதீங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டரு என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்று வழக்கைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் மாமாவும் மாமியும் நவாபைக் கூடையில் வைத்து எடுத்துப் போனார்கள். திரும்பி வந்து மாமா தீர்ப்பு சொன்னார். "தாராளமா துணை சேக்கலாமாம். ஆனா அதுக்கு முன்னாடி நவாபுக்குச் சின்னதா ஒரு ஆப்ரேஷன் பண்ணணுமாம். பண்ணிட்டா பீச்சுறதும் நின்னுரும், மச்சான் பயப்படுறதும் நடக்காது."

"என்ன ஆப்ரேஷன் மாமா?" என்றேன்.

மாமா அத்தாவைப் பார்த்தார். அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு அடுப்பில் பால் இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. அக்கா போனுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அதை எனக்கு விளக்கும் பொறுப்பை அந்த வீட்டில் ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். யாருக்கும் சிரமம் வைக்காமல் நானே கண்டுபிடித்தேன். முந்தின வருடப் பள்ளி லீவில்தான் எனக்கு அது நடந்திருந்தது.

"சுன்னத்தா மாமா?"

மாமா குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அக்கா கட்டிலில் விழுந்து புரண்டாள். மாமி மட்டும் சிரிக்காமல் என்னை அருகில் இழுத்து, "ஆமாடா தங்கம், அந்த மாதிரிதான்" என்றார்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பையன் வளர்ந்தால் சுன்னத், அதற்குப் பிறகு கல்யாணம், கல்யாணம் ஆனால் குட்டி. உலக நடப்பு அதுதானே? எனக்குச் செய்தபோது புதுச்சட்டை, ரோஜா மாலை, விருந்து என்று வீடே அமர்க்களப்பட்டது. நவாபுக்கு மட்டும் குறை வைக்கலாமா? அக்காவின் காலைப் பிடித்து மல்லித்தழையில் ஒரு மாலை கட்டச் சொன்னேன். ஆப்ரேஷன் அன்று காலை அதை நவாபின் கழுத்தில் போட்டு, காதருகே போய்ப் புத்தி சொன்னேன். "ரெண்டு நாள் எரியும், பயப்படாத. நாட்டுக்கோழி முட்டை தருவாங்க. நீ திங்க மாட்டேல்ல, நான் தின்னுக்கிறேன்." நான் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை தன் மாலையைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டார்.

நவாபை ஏற்றிய லோடு ஆட்டோ தெருமுனை திரும்பியதும் பையன்களுக்குப் பேரீச்சம்பழமும் கற்கண்டும் கொடுத்தேன். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு குட்டி வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் தருவதாக வாக்குக் கொடுத்தேன். இல்லாத குட்டியைக் கொடுப்பதற்கு என்ன கஞ்சத்தனம்! ஆனால் முதல் குட்டி மட்டும் யாருக்கும் கிடையாது, அது மாமிக்கு என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. வில்லாபுரத்தில் மாமி வீடு எப்போது போனாலும் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். சுவரில் ஒரு கிறுக்கல் கிடையாது. கட்டிலுக்கு அடியில் உடைந்த பொம்மை கிடையாது. போட்ட பொருள் போட்ட இடத்திலேயே இருக்கும். அங்கே ஒரு முயல் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"மொதக் குட்டி உங்களுக்குத்தான் மாமி."

மாமி என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ் சொல்லுடா" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றும் முன்பே, "எங்குட்டி எப்படா வரும்?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கெடு சொல்வேன்.

நவாபு தேறி எழுந்தது. டாக்டர் சொன்ன நாள் கழியும்வரை தனியாகவே இருந்தது. பீச்சுவது நின்றது. அத்தா வெள்ளிக்கிழமைகளில் நிம்மதியாகச் செருப்புப் போட்டார். அதற்குப் பிறகு திருநகரில் முயல் வளர்க்கும் ஒருவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். மாமா வண்டியோட்ட, மாமி மடியில் நான், என் மடியில் மாப்பிள்ளை. அங்கே சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டினார்கள்.

"பொண்ணு நடக்குதான்னு நல்லாப் பாத்துக்கங்க மாப்ள, பின்னாடி கொறை சொல்லக்கூடாது" என்றார் மாமா. நான் அதை உண்மையாகவே நடக்கவிட்டுப் பார்த்தேன். அது நடக்கவில்லை, குதித்தது. எனக்குச் சம்மதம் என்றேன். பேகம் என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

முதலில் சில நாள் இரண்டும் முறைத்துக்கொண்டன. பிறகு ஒருநாள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒன்றின் நெற்றியை மற்றொன்று நக்கிக்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு மேலே ஓடி வந்தாள். அத்தாகூட டீ டம்ளரோடு ஏறி வந்து நின்று பார்த்து, "சோடி நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் குட்டி மட்டும் வரவில்லை. நான் கொடுத்த கெடுவெல்லாம் காலாவதியாகிக்கொண்டே போனது. பையன்கள் கற்கண்டைத் திருப்பித் தர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேகம் வாயில் வைக்கோலை மீசை மாதிரி கவ்விக்கொண்டு மாடியிலிருந்த கூண்டுக்கும் வெளிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பிடுங்கி, வைக்கோலுக்கு மேல் பரப்பி மெத்தை போட்டிருந்தது. அக்கா போனில் தேடிப் பார்த்துவிட்டு, குட்டி போடும் முன்னால் முயல் இப்படித்தான் செய்யும் என்று படித்துக் காட்டினாள். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அம்மாவின் போனைப் பிடுங்கி மாமிக்கு அடித்தேன்.

"மாமி! பேகம் கூடு கட்டிருச்சு! கூடைய எடுத்துட்டு வாங்க!"

மறுமுனையில் மாமி குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"நெசமாவாடா?"

"நெசமா மாமி! நெஞ்சு முடிய அம்புட்டையும் பிச்சு மெத்தை போட்டுருக்கு!"

"வாரேன். இந்தா வாரேன்."

செய்தி தெருவுக்குப் பரவி, பையன்கள் மாடிப்படியில் வரிசை கட்டிவிட்டார்கள். குழம்பிப் போனவர் அத்தா ஒருவர்தான். கூண்டையும் நவாபையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டார். "ஏன் மாப்ள, அந்த டாக்டரு ஒழுங்காத்தான் பண்ணாரா?" விசாரித்துச் சொல்வதாக மாமா வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. முயலுக்குத் தழை பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த அத்தாவுக்குக் கை ஒழியவில்லை என்பதால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒண்ணுமில்ல மச்சான். பொய்ச்சினையாம். சிலது வயித்துல ஒண்ணும் இல்லாமலே, இருக்குன்னு நெனச்சு இப்படிக் கூடு கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்குமாம். குட்டியெல்லாம் வராது…"

அம்மா பாய்ந்து போனை அணைத்தாள். மாடிப்படியின் கடைசிப் படியில் மாமி நின்றுகொண்டிருந்தார். கையில் கூடை. வியர்வையில் முக்காடு நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"இந்த வெயில்ல நீ ஏம்மா வந்த? டாக்டரு அன்னைக்கே சொன்னதுதான் ஒனக்கும் தெரியுமே" என்றாள் அம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"தெரியும் மதினி" என்றார் மாமி. "இருந்தாலும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

எனக்கு மாமா மேல்தான் கோபம். கூட்டைக் கண்ணால் பார்க்காமல் எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரு டாக்டர் எப்படிச் சொல்லலாம்? மாமியின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கூண்டுக்கு முன்னால் உட்கார வைத்தேன். பேகம் ஒதுங்கி நின்று பார்த்தது. மாமி மெதுவாக அந்த ரோமத்துக்குள் கையை விட்டார். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"கதகதன்னு இருக்குடா" என்றார்.

"பாத்தீங்களா!" என்று நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன மெத்தை இருந்தது. பழைய பட்டுச் சேலைத் துணியில் இலவம்பஞ்சு அடைத்து, ஓரமெல்லாம் கையால் பூப்போட்டுத் தைத்தது. பீரோவில் பூச்சி வராமல் போட்டுவைக்கும் பாச்சை உருண்டை வாசனை வீசியது. முயல் குட்டிக்காக மாமி இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாரே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரே ஒரு குறைதான் பட்டது.

"முயக்குட்டிக்கு இது ரொம்பப் பெருசு மாமி."

"வளரும்லடா" என்றார் மாமி.

பிறகு மெத்தையை எடுத்துத் தட்டி, தண்ணீர்த் தொட்டி நிழலில் விரித்தார். நவாபு முதலில் மோந்து பார்த்து, தாடையைத் தேய்த்துத் தன் சொத்தாக்கிக்கொண்டு ஏறிப் படுத்தது. சற்றுப் பொறுத்து பேகமும் போய் அதன் மேல் சாய்ந்தது. பையன்கள் கைதட்டினார்கள். மாமி இரண்டையும் தடவிக் கொடுத்துவிட்டு, வெறும் கூடையோடு படி இறங்கினார். அவர் தெருவில் போகும்போது நான் மாடிச்சுவரில் எக்கி நின்று, "அடுத்த மாசம் கண்டிப்பா மாமி! மொதக் குட்டி உங்களுக்குத்தான்!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். மாமி திரும்பிப் பார்த்துச் சிரித்து, கையை உயர்த்திக் காட்டினார்.

அவ்வளவு அழகான மெத்தையை முயல்களுக்கே கொடுத்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் அன்றெல்லாம் குதித்துக்கொண்டிருந்தேன். அது யாருக்காக, எப்போது தைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.