சாமிக்கு ஒரு காகிதச் சட்டை

“நம்ம சென்னியப்பன் சாமியாயிட்டாருங்க” என்று கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் முதலாளி போட்டிருந்தார். அதற்கு அடுத்த செய்தியும் அவருடையதுதான்: ஏற்றுமதிக் கன்டெய்னர் மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும். இறந்தவர்களை எங்கள் பக்கம் மரியாதையாகச் சொல்லும் ‘சாமியாயிட்டாருங்க’ என்ற சொல் அவர் கையிலிருந்து வந்ததைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏன் என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

சென்னியப்பன் அண்ணன் சென்னிமலைப் பக்கத்து நெசவுக் குடும்பம். கழுத்தில் முருகன் டாலர் எப்போதும் கிடக்கும். நிட்டிங் மெஷின் வாங்கச் சீனாவுக்குப் போய்ப் போய் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டவர். எங்கள் பனியன் கம்பெனிக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். நான் அங்கே பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சு, வெட்டுகிறவள். டீ நேரத்தில் அண்ணன் சீனத்துச் சாமிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். அடுப்படிச் சாமி ஒன்று வருஷக் கடைசியில் வானத்துக்குப் போய் வீட்டு நடப்பைச் சொல்லுமாம். கோள் சொல்லாமலிருக்க அதன் வாயில் இனிப்பைத் தடவி அனுப்புவார்களாம். “நம்ம சூப்பர்வைசருக்கு வடை வாங்கித் தர்ற மாதிரிங்க” என்பார்.

அந்த ஊர் அரசர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகம் மாறிவிடும். “தனக்குப் பேரு வேணும்னா புத்தருக்குக் கோயில் கட்டுவானுங்க. காசடிக்கச் செம்பு வேணும்னா அதே புத்தரை உருக்குவானுங்க. பின்னாடி ஆட்சிக்கு வந்த செங்கொடிக்காரங்க சாமியே கூடாதுன்னு ஊடு ஊடாப் பூந்து ஒடைச்சாங்க. அப்பவும் சனங்க, செத்த பெரியவங்க பேரெழுதின பலகையை ஒளிச்சு வெச்சுக் கும்பிட்டாங்க கண்ணு.”

முதலாளியின் மேசையில் ஒரு சிரிக்கும் புத்தர் உண்டு. வயிற்றைத் தடவினால் ஆர்டர் வரும் என்பது அவர் நம்பிக்கை. “அவரு பையத் தூக்கிட்டுப் பிச்சை எடுத்த துறவிங்க. நீங்க கேஷியர் ஆக்கிப்போட்டீங்க” என்று ஒருநாள் அண்ணன் சொல்லிவிட்டார். முதலாளி அதை ரசிக்கவில்லை.

பிறகு லின் வந்தார். மெஷின் பூட்ட வந்த சீனத்து மெக்கானிக். பாதி வேலையில் அவருடைய அம்மா இறந்த செய்தி வந்தது. ட்ரையல் முடியாமல் டிக்கெட் போட முடியாது என்றார் முதலாளி. அப்படியானால் கம்பெனிப் பின்பக்கத்தில் அம்மாவுக்காகக் கொஞ்சம் காகிதமாவது எரித்துக்கொள்ளட்டுமா என்று லின் கேட்டார். அண்ணன் அதைத் தமிழில் சொன்னார்.

“ஆயுத பூசை போட்ட எடத்துல சாவுக் காரியமா? அவனுக்குத்தான் சாமியே கெடையாதேப்பா. அப்பறம் என்ன சடங்கு?”

“அவங்கம்மா சாமியாயிட்டாங்க முதலாளி. இனிமேலும் சாமி இல்லேன்னு எப்படிங்க சொல்றது?”

முதலாளி போனை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் லின்னைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். என்னையும் வரச் சொன்னார், பேட்டர்ன் பேப்பரோடு. செத்தவர்களுக்குக் குளிரும் என்று காகிதத்தில் துணி வெட்டி எரிப்பது அவர்கள் வழக்கமாம். நான் கத்தரியை எடுத்ததும் அண்ணன் லின்னிடம் ஏதோ கேட்டார். லின் தன் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். அப்படியே உடைந்து அழுதார்.

“என்னங்கண்ணா கேட்டீங்க?”

“அம்மா என்ன சைஸுன்னு கேட்டேன் கண்ணு.”

வாசலில் எரித்தோம். அண்ணி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மறுநாள், சாவுத் தீட்டோடு கம்பெனிக்குள் வந்துவிட்டார் என்று சொல்லி அண்ணனை வேலையை விட்டே வெளியே அனுப்பினார்கள். தீட்டுப்பட்ட லின் மட்டும் ட்ரையல் முடியும்வரை உள்ளேயே இருந்தார். மெஷின் ஓட வேண்டுமே.

இப்போது, அவர் இறந்த பிறகு, அதே கம்பெனி ஹாலில் அண்ணனுக்கு இரங்கல் கூட்டம். ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர்’ என்று ஃப்ளெக்ஸ். படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிரிக்கும் புத்தர். “அவருக்குப் புடிச்ச சாமி” என்று முதலாளி மைக்கில் சொன்னார். கைதட்டக்கூட இரண்டு பேர் இருந்தார்கள். சீ என்று எழுந்து வந்துவிட்டேன்.

நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போய் ஒரு சட்டை வெட்டினேன். அவர் அளவை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம், லின் கேட்ட அதே இடத்தில் வைத்துக் கொளுத்தினேன். புகையைப் பார்த்து முதலாளி ஓடிவந்தார்.

“ஏம்மா, என்னத்த எரிக்கிறே?”

“சாமிக்குத் துணிங்க” என்றேன். “நீங்கதானே குரூப்புல போட்டீங்க.”

முழுக்க எரியும்வரை அங்கேயே நின்றேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். முகமறியாத ஒருத்தி இறந்தபோது, அவள் என்ன சைஸ் என்று கேட்டாரே, அது.